வரம்பைத் தள்ளிக் கட்டுறது

ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சா வழமையா என்ன செய்வோம்? பழைய படம் ரெண்டை அழிப்போம். எங்களுக்கு அந்த வசதி இருக்கல்ல. எங்கட மடிகணினியின் டி டிரைவுக்குள்ள இருந்தது, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து குடியேறிய முஸ்லிம்களின் குரல்கள். நாங்கள் நாலு பேர் 2 வருஷமா வீடு வீடாப் போய்ப் பதிஞ்ச 41 நேர்காணல்கள். பேசியவர்களில் 3 பேர் இப்போ உயிரோட இல்லை. இதில் எதை அழிக்கிறது?

கலைப்பீடத்தில் நேர்காணல் எப்படி எடுக்கிறது என்று படிச்சோம். எடுத்ததை எங்க வைக்கிறது என்று யாரும் சொல்லித் தரல்ல. தெரிஞ்ச ஒரு கடையில் கேட்டால், "ஃபோர்மட் பண்ணித் தாறன்" என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்து நாங்களே தேடிப் படிச்சோம்.

புத்தளத்துக்காரருக்கு இதை விளங்கப்படுத்த உப்பளம் போதும். டிஸ்க் என்பது முழு நிலம். பார்ட்டிஷன் என்பது வரம்பு கட்டிப் பிரிச்ச பாத்தி. எந்தப் பாத்தி எங்க தொடங்கி எங்க முடியுது என்று டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கு. பாத்திக்குள்ள எந்தக் கோப்பு எந்த மூலையில் கிடக்குது என்று எழுதி வைக்கிற கணக்குக் கொப்பிதான் ஃபைல் சிஸ்டம். ஆகவே பெரிசாக்கிறதில் ரெண்டு வேலை இருக்கு. முதலில் வரம்பைத் தள்ளணும், பிறகு கணக்குக் கொப்பிக்குப் புது அளவைச் சொல்லணும். சின்னதாக்கும்போது இது தலைகீழ்: முதலில் கணக்கைச் சுருக்கி, பிறகுதான் வரம்பை உள்ளே கொண்டுவரணும். மாறிச் செஞ்சா வரம்புக்கு வெளியே விழுந்த உப்பு போனதுதான்.

எங்கட டிஸ்க் 1 டெராபைட். விண்டோஸ் அதை 931 ஜிபி என்றுதான் காட்டும். களவு ஒண்டும் நடக்கல்ல. கம்பனிக்காரர் 1000 ஆல் எண்ணுறார்கள், விண்டோஸ் 1024 ஆல் எண்ணுது. சி 100, டி 200, மிச்சமெல்லாம் ஈ. ஈ நிறையப் படங்களும் பாடக் குறிப்புகளும். டியில் மிஞ்சினது 6 ஜிபி.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் 'எக்ஸ்டென்ட் வால்யூம்' என்று ஒன்று இருக்கு. ஆனால் டிக்கு அடுத்து, வலப்பக்கம் ஒட்டினாப்போல வெற்றிடம் இருந்தாத்தான் அது வேலை செய்யும். நடுவில் வேறொரு பாத்தி இருந்தா அந்தத் தெரிவு மங்கலாத்தான் கிடக்கும். டிரைவ் என்டிஎஃப்எஸ் வகையாகவும் இருக்கணும். எஃப்ஏடி32, எக்ஸ்எஃப்ஏடி என்றால் இப்படி விரியாது.

வெற்றிடம் இடப்பக்கம் இருந்தா ஜிபார்டெட் மாதிரி ஒரு மென்பொருளால் செய்யலாம். ஆனால் அப்போ பாத்தியின் தொடக்கமே மாறுது. உள்ள இருக்கிற தரவு முழுவதையும் அள்ளி நகர்த்தணும், அதுக்கு மணிக்கணக்கில் போகும். பாதியில் கரண்ட் போனால்? 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்கட கரையிலதான் நிற்குது. 2025 பெப்ரவரி 9 நாடே இருண்ட அன்று அதுவும் நின்றது. திரும்ப முழுசா இயங்க நாட்கள் எடுத்தது. அந்த வழி வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

நாங்கள் செஞ்ச ஒழுங்கு இதுதான். டியையும் ஈயையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தோம். கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டோம். ஒவ்வொரு நேர்காணலையும் தொடக்கம், நடு, கடைசி என்று ஓடவிட்டுப் பார்த்தோம். பிறகு டியில் பிழை இருக்குதா என்று 'செக்டிஸ்க்' ஓட்டினோம். மடிகணினியின் பற்றரி நிறைஞ்சிருந்தும் சார்ஜரையும் செருகினோம். அதுக்குப் பிறகுதான் ஈயை அழிச்சு, டியை விரிச்சோம். பிரதி எடுத்துச் சரிபார்க்க ஒரு முழுப் பகல். விரிக்கிறதுக்குச் சில செக்கன். விண்டோஸ் வரம்பையும் கணக்கையும் ஒரே அடியில் பார்த்துக்கொள்ளும். லினக்ஸ் பாவிக்கிறவர்கள், எக்ஸ்ட்4 என்றால், பார்ட்டிஷனை நீட்டிய பிறகு 'ரீசைஸ்2எஃப்எஸ்' கட்டளையைத் தனியாக் கொடுக்கணும். பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலில் எழுதி வையுங்கள்.

சில செக்கன் வேலைக்கு ஏன் ஒரு பகல் என்று எங்களுக்குள்ளயே ஒருத்தர் கேட்டார். அதுக்குப் பதில் அந்த 41 பதிவுகளுக்குள்ளயே இருக்கு. யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு ஒக்டோபர் 30 அன்று கிடைச்சது 2 மணித்தியாலம். காணி உறுதி, கலியாண ஃபோட்டோ, பிள்ளைகளின் சான்றிதழ் என்று ஒவ்வொரு நேர்காணலிலும் ஒரு பட்டியல் வரும். எல்லாம் ஒரே வீட்டில், ஒரே அலுமாரியில் இருந்தது. ஒரு மூத்தம்மா எங்களிடம் கேட்டார்: "மகன், இது உங்கட பெட்டிக்குள்ள மட்டுமா இருக்கு?"

இப்போ ஒரு பிரதி கற்பிட்டியில் ஒரு வீட்டில், இன்னொன்று கொழும்பில். பேசியவர்களின் பிள்ளைகளுக்கும் அவரவர் பதிவைப் பென்டிரைவில் கொடுத்துக்கொண்டு வாறோம்.

டியில் 600 ஜிபிக்கு மேல இடம் இருக்கு. 1990இல் 40 வயதில் வந்தவருக்கு இப்போ 75 தாண்டிட்டுது. உங்கட வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருந்தா, இந்த லீவுக்கு ஃபோனை எடுத்து முன்னால வையுங்கள். இடம் போதாட்டிச் சொல்லுங்கள், வந்து விரிச்சுத் தாறோம்.