பழைய மெக்கில் ஒரு கோட்டை

ஹாலிஎலையில் பின்னேரம் மழை பிடித்துவிட்டால் பிள்ளைகளுக்கு வெளியே போக வழியில்லை. அக்கா மகன் என் 2012 மெக்புக் எயாரையே சுற்றிச் சுற்றி வருவான். "மாமா, ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 இதில ஓடாதா?"

ஓடும். ஆனால் அது விண்டோஸ் விளையாட்டு. மெக்கின் ரெம் 4 ஜிபிதான். போர்டோடு ஒட்டியது, கூட்ட முடியாது. பூட்கேம்ப் வழியே விண்டோஸையே போடலாம், ஆனால் 64 ஜிபி டிஸ்கைப் பங்கு பிரித்தால் இரண்டுக்கும் மூச்சு முட்டும். அதனால் வைன். 1993இல் லினக்ஸுக்காகத் தொடங்கிய இலவச மென்பொருள். முழு விண்டோஸையும் அது சுமப்பதில்லை. விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் அந்தந்த நேரத்திலேயே மெக்கின் பாஷைக்கு மாற்றிக் கொடுக்கிறது. முப்பது வருசமாகப் பலர் கூடி வளர்த்த கொடை இது.

மெக் ஓஎஸ்ஸை மட்டும் மொஹாவியோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். 2019இல் வந்த கட்டலினா 32 பிட் செயலிகளை ஏற்காது. இந்த 1999 விளையாட்டு அந்த வகை.

திரையை 800க்கு 600 ஆகக் குறைத்தோம். அடியில் இரண்டு பக்கமும் அவனுடைய கொப்பிகளை வைத்துக் காற்றுக்கு இடம் விட்டோம். விசிறி இரைந்தது. விளையாட்டில் கிராமத்து ஆள் மரத்தில் முதல் வெட்டு வெட்டியதும் மருமகன் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான். பதுளை ரயில் கூவிக்கொண்டு போனது. அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.