பேத்தி கேட்ட கேள்வியும் நம்ம ஏணிப்படி அட்டையும்



அண்ணன் பேத்திக்கு பெங்களூரில் 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்' வேலை. படித்தது கம்ப்யூட்டர். "இந்த வேலைன்னா என்னன்னே பிடிபடல, நீங்க டீச்சர்தானே பாட்டி, சொல்லுங்க" என்றாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

படிக்க வருகிறவர் யார், இப்போது அவருக்கு என்ன தெரியும், கடைசியில் என்ன செய்யத் தெரிய வேண்டும், தெரிந்ததா என்று எப்படிப் பார்ப்பது. இதையெல்லாம் பாடம் தொடங்கும் முன்பே யோசித்து வழி போட்டு வைப்பதுதான் அந்த வேலை. கல்வித் தொழில்நுட்பம் என்பது அந்த வழிக்கு உதவும் சாமான். கரும்பலகையும் அதில் சேர்த்தி, செல்போனும் சேர்த்தி.

அந்தப் பெயர் தெரியாமலே நாம் அதற்குள் இருந்திருக்கிறோம். செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கிறதா? ஆந்திராவில் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் உருவான முறை. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அங்கே சில பள்ளிகளில் தொடங்கி வைத்தார். 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க வந்தது. பாய், தாழ்வான கரும்பலகை, நீங்கள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், தட்டு தட்டாக அட்டைகள். சுவரில் ஏணிப்படி. அதைப் பார்த்து உன் சின்னம் உள்ள அட்டையை நீயே எடுக்க வேண்டும். முதலில் அறிமுகம், பிறகு பயிற்சி, பிறகு மதிப்பீடு. வராவிட்டால் குறைதீர் அட்டை, வந்துவிட்டால் அடுத்த படி.

நம் மலைக்கு இது எவ்வளவு பொருந்தியது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. பூண்டு எடுப்பு, உருளைக்கிழங்கு எடுப்பு என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். பதினைந்து நாள் கழித்து வருகிற பிள்ளைக்கு முன்பெல்லாம் வகுப்பு எங்கேயோ போயிருக்கும். ஒன்றும் புரியாமல் உட்கார்ந்து, அப்படியே நின்றுவிட்ட பிள்ளைகள் உண்டு. அட்டை வந்தபின் அவள் விட்ட படியிலேயே ஏறினாள். யாரும் அவளை மக்கு என்று சொல்ல இடமில்லை. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளிக்கு இது பெரிய ஆறுதல்.

குறையும் உண்டு. ஆறு குழுவையும் சுற்றி வந்தால் சாயங்காலம் முதுகு விட்டுப்போகும். "டீச்சர் பாடமே நடத்துறதில்ல" என்று பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். அட்டை பேசாது, கதை சொல்லாது. அதற்கு ஆள்தான் வேண்டும்.

பிறகு 2018 பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஊரடங்கில் அது இல்லாவிட்டால் பல பிள்ளைகளுக்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் மலையில் கரண்ட் போனால் பாடம் போனது. மறுபடி பார்க்க சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏற வேண்டும். அட்டை பிள்ளைக்காகக் காத்திருந்தது, டிவி காத்திருக்கவில்லை. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததைப் பார்த்தபோது, பழைய ஏணியின் ஒரு படி திரும்பி வந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது அந்த அட்டை ஒன்று கிடந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பேத்திக்குக் காட்ட வேண்டும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.