அந்தரங்கமும் பிரசன்னமும்

தியானப் பகுதி: யோவான் 7:1–14, மத்தேயு 6:1–6



இந்த வாரம் நாம் தியானிக்கப்போவது பிரசங்க பீடத்தில் வழக்கமாகக் கேட்கப்படாத ஒரு காரியம். வாட்ஸ்அப்பில் நம் பெயருக்குக் கீழே, நாம் கடைசியாக வந்துபோன நேரம் தெரிகிறதல்லவா? அதை மறைத்து வைப்பது பாவமா? வீட்டு ஜெபக்கூட்டங்களில் இக்கேள்வி பலமுறை என்னிடம் வந்திருக்கிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் தகப்பன்மாரும் கணவன்மாரும் மாமியார்மாரும்தான். “ஐயா, மடியில் கனம் இல்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?” என்கிறார்கள்.

நம் குப்பத்தில் படகு புறப்படும் நேரம் உங்களுக்குத் தெரியும். விடியுமுன் கணவனை அனுப்பிவிட்டு, காற்று எப்படியிருக்கிறதோ என்று ஃபோனைத் திறந்து பார்க்கிற ஒரு மனைவியை எண்ணிக்கொள்ளுங்கள். தொலைதேசத்தில் வேலை செய்யும் மைத்துனருடைய கண்ணில் அவள் பெயரின் கீழ் ‘ஆன்லைன்’ என்ற எழுத்து படுகிறது. “இந்த நேரத்தில் அவளுக்கு யாரோடு பேச்சு?” என்று வீட்டுக்குச் செய்தி வருகிறது. கடலுக்குப் போனவன் கரை ஏறுமுன்னே வழக்கு தயாராகிவிடுகிறது. இப்படிப்பட்ட சண்டைகளைத் தீர்த்துவைக்க நான் போயிருக்கிறேன். இன்னார் என்று தெரியாதபடி மாற்றிச் சொல்லுகிறேன். அவள் அந்த நேரத்தை மறைத்து வைத்தபோது அதுவே இரண்டாவது குற்றமாயிற்று.

இந்த ‘ஆன்லைன்’ என்னும் எழுத்து எங்கிருந்து வந்தது? 1999ஆம் ஆண்டு ஜெரமி மில்லர் என்பவர் ‘ஜாபர்’ என்ற செய்திப் பரிமாற்ற முறையை அறிவித்தார். 2004இல் அது எக்ஸ்.எம்.பி.பி. என்ற பொது நெறிமுறையாயிற்று. ஒருவர் இணைப்பில் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு அவர்கள் ஆங்கிலத்தில் இட்ட பெயரைத் தமிழில் சொன்னால், நம் சபைகளில் தினமும் ஒலிக்கும் சொல்லே வந்து நிற்கிறது: பிரசன்னம். என்னை வியக்கவைத்தது அதன் முதல் விதி. ஒருவருடைய பிரசன்னத்தை மற்றவர் காணவேண்டுமானால் முதலாவது அனுமதி கேட்கவேண்டும். அவர் சம்மதித்தால் மாத்திரமே காணலாம். வாசற்படியில் நின்று தட்டுகிற மரியாதை அது.

அதோடு நிற்கவில்லை. இவருக்குத் தெரியட்டும், அவருக்குத் தெரியவேண்டாம் என்று பட்டியலிட்டு, அதை சர்வரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டையும் செய்தார்கள். எல்லாருக்கும் மறைந்திருந்தபடியே செய்தியைப் பெற்றுக்கொள்ளும் வழியையும் வகுத்தார்கள். ஆனால் மறைந்திருப்பது எளிதல்ல என்று சீக்கிரமே தெரிந்தது. மறைந்திருப்பவரின் கருவியிடம் வேறொரு கருவி ஏதாவது ஒரு சிறு விவரம் கேட்டால், அது வழக்கம்போல் தானாகவே பதில் கொடுத்துவிடும், குட்டு உடைந்துவிடும். அந்தப் பட்டியல்களும் சிக்கலாகிப்போனதால் 2011இல் நெறிமுறையைத் திருத்தியபோது அப்பகுதியை நீக்கிவிட்டார்கள். எவரை நாம் ஏமாற்றினாலும் சர்வர் மட்டும் எப்பொழுதும் அறிந்தேயிருந்தது. இதைக் கேட்டவுடன் சங்கீதம் 139 உங்கள் நினைவுக்கு வரும் என்று அறிவேன். ஆனாலும் உவமையை அதிகம் இழுக்கவேண்டாம். சர்வருக்கு நம்மேல் அன்பில்லை. வனாந்தரத்தில் ஆகாரைக் கண்டவர் வேறு.

வாட்ஸ்அப்பும் தொடக்கத்தில் இந்த நெறிமுறையை மாற்றியமைத்தே கட்டப்பட்டது. அனுமதி கேட்கும் அந்தப் படியை மட்டும் விட்டுவிட்டார்கள். எண் தெரிந்திருந்தால் போதும், வாசல் திறந்தது. 2014 நவம்பரில் நீலக் குறி வந்தது. எதிர்ப்பு எழும்பவே அதை அணைத்துவைக்கும் வசதியும் அதே மாதம் வந்தது. ‘ஆன்லைன்’ என்பதை வேண்டியவருக்கு மட்டும் காட்டும் உரிமையை 2022 ஆகஸ்டில்தான் அறிவித்தார்கள். அதற்குள் எத்தனை வீடுகளில் எத்தனை கண்ணீர்!

இப்பொழுது வேதத்துக்கு வருவோம். மறைதல் என்றாலே நமக்கு ஆதாம்தான் முதலில் தோன்றுகிறான். மரங்களுக்கு நடுவே ஒளிந்த அந்த மனிதனை வைத்தே மறைகிற எல்லாரையும் அளந்துவிடுகிறோம். மோசேயின் தாய் பிள்ளையை மூன்று மாதம் ஒளித்துவைத்தாள். எபிரெயர் 11 அதை விசுவாசம் என்கிறது. எலியாவை ஒளிந்திருக்கச் சொன்னவர் கர்த்தரே. நம்முடைய ஆண்டவரைப் பாருங்கள். உன்னை உலகத்துக்கு வெளிப்படுத்து என்று சகோதரர்கள் நெருக்கினார்கள். அவர்கள் பண்டிகைக்குப் போனபின்பு அவரும் போனார், ஆனால் ஒருவருக்கும் காட்டிக்கொள்ளாமல் போனார். கூட்டம் அவரைத் தேடிக்கொண்டிருக்கையில் அவர் அதே நகரத்தில்தான் இருந்தார். இன்றைய மொழியில் சொன்னால், இணைப்பில் இருந்தார், தெரியாமல் இருந்தார். ஏற்ற வேளையில் தேவாலயத்துக்குப் போய் வெளிப்படையாகப் போதித்தார். தம்முடைய பிரசன்னத்தை எப்பொழுது, யாருக்குக் காட்டுவது என்பதை அவர் சகோதரர்களின் கையில் கொடுக்கவில்லை.

நம் வேதாகமம் இதற்கு வைத்திருக்கும் வார்த்தை ‘அந்தரங்கம்’. ஜெபத்தையும் தர்மத்தையும் அங்கேயே செய்யும்படி மலைப்பிரசங்கம் நமக்குக் கற்பிக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாய் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்ததும் அந்தரங்கத்தைத்தான்.

தகப்பன்மாரிடம் ஒன்று கேட்கிறேன். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பாடு பிரித்திருக்கிறோம். அது ஊரறிந்த நியாயம். ஆனால் கடலில் உங்கள் வலை நிறைந்த இடத்தைக் கரையில் நின்று கூவிச் சொல்லுகிறீர்களா? அதை யாரும் பொய் என்று சொல்லவில்லையே!

அதே சமயம் கடலில் தெரியவேண்டிய வேளையும் உண்டு. இரவில் விளக்கில்லாமல் போகிற படகு தனக்கும் ஆபத்து, எதிரே வருகிறவனுக்கும் ஆபத்து. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. புயல் வேளையில் நாம் இருக்கும் இடம் கரைக்குத் தெரிந்தால் உயிர் தப்பும். வாங்கின கடனுக்குப் பதில் சொல்லாதபடி நீலக் குறியை அணைத்துவைக்கிறவரும், மனைவிக்குத் தெரியாத பேச்சை இரண்டாவது ஃபோனில் நடத்துகிறவரும் விளக்கை அணைத்த படகுக்காரரே. அனனியாவும் சப்பீராளும் மறைத்தது அந்தரங்கமல்ல, வஞ்சகம். ஆகையால் மறைத்தாளா என்று கேட்பதைவிட, யாரிடமிருந்து, எதற்காக மறைத்தாள் என்று கேட்பது நியாயமான விசாரணை. உளவு பார்க்கிற கண்ணிலிருந்து தன் விடியற்காலையை மறைத்துக்கொண்ட பெண்ணிடம் நான் ஒரு பாவத்தையும் காணவில்லை. கணக்குக் கொடுக்கவேண்டியவர் அந்நேரத்தில் அவள் பெயரைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர்.

என்னைக் கேட்பீர்களானால், நான் நீலக் குறியை அணைக்கவில்லை. நள்ளிரவில் எழுதுகிறவருக்குப் போதகர் வாசித்தார் என்றாவது தெரியட்டும். கடைசி நேரத்தை மறைத்திருக்கிறேன்.

இதை மாற்றும் விதம் தெரியாதவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப்பின் வாலிபர் ஐக்கியத்தாரிடம் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. கணவன்மாரும் வாருங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: உங்கள் கடைசி நேரத்தை நீங்கள் மறைத்தால், மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. அப்படித்தான் செய்துவைத்திருக்கிறார்கள்.