அங்க மருந்து இருக்கே சார்!

1/ சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போறவங்களைக் கேட்டுப் பாருங்க. கேட்லயே பையைத் தடவிப் பார்ப்பாங்க. பீடி, தீப்பெட்டி எதுவும் உள்ளே போகாது. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 உயிர். தீ என்ன செய்யும்னு பார்த்த ஊர் இது.

2/ ஒரு நைட் டூட்டி. மூச்சுத்திணறலோட ஒரு பெரியவர், ஆக்சிஜன் ஓடிட்டிருக்கு. அவர் மகன் வார்டை ஒட்டின மாடிப்படியில உட்கார்ந்து பீடி குடிச்சிட்டிருந்தார். பட்டாசு ஆலைத் தொழிலாளி.

"அண்ணே, ஆலையில இப்படிக் குடிப்பீங்களா?"

"ஐயோ, அங்க மருந்து இருக்கே சார்!"

3/ இந்த ஊர்ல மருந்துன்னா வெடிமருந்தும்தான். ஆக்சிஜன் தானா எரியாதுண்ணே, ஆனா எரியுற எதையும் வெறி பிடிச்ச மாதிரி எரிய வைக்கும்னு சொன்னேன். உடனே அணைச்சுட்டார். அவருக்குச் சொல்ல இத்தனை நாள் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

4/ சட்டம் இல்லாம இல்லை. 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 4-வது பிரிவு. 2008 அக்டோபர் 2 முதல் ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஹோட்டல், தியேட்டர் எல்லாத்துக்கும் விதிகள் அமல். அபராதம் 200 ரூபாய் வரை. புகார் வந்தும் கண்டுக்காத பொறுப்பாளரும் அபராதம் கட்டணும். போர்டு எல்லா இடத்திலயும் இருக்கு. ரசீது புத்தகத்தைத்தான் நான் பார்த்ததில்லை.

5/ ஒண்ணு ஒத்துக்கணும். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ டூட்டி ரூமுக்குள்ளயே ஒரு சீனியர் சிகரெட் பிடிப்பார். நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. கைலி கட்டினவர்கிட்ட சட்டம் பேச வாய் வருது, கோட் போட்டவர்கிட்ட வரலை. போர்டை யாரும் மதிக்காததுக்கு இதுவும் ஒரு காரணம்.

6/ அப்புறம் சிஸ்டர் ஒருத்தங்க யோசனைப்படி வார்டு வாசல்ல ஒரு அட்டைப் பெட்டி வைச்சோம். ஆலை கேட் மாதிரியே: தீப்பெட்டியை இங்க போட்டுட்டு உள்ளே வாங்க. டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான். ஆச்சரியமா, சண்டை வரலை. வாட்ச்மேன் மாறினதும் பெட்டி காணாம போச்சு. திரும்ப வைச்சிருக்கோம்.

7/ பெரியவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது மகன்கிட்ட சொன்னது உங்களுக்கும்தான். வீட்டுக்குள்ள அபராதம் போட யாரும் வர மாட்டாங்க. ஆனா நீங்க விடுற புகை அவருக்கு மறுபடி திணறலைக் கொண்டு வரும். வீட்லயும் மருந்து இருக்குன்னு நினைச்சுக்கோங்கண்ணே.