படுகளத்தில் வீழ்ந்தோர் எழும் ஊர்

கோவையிலிருந்து பல்லடம், காங்கயம், வெள்ளக்கோவில் வழியாகக் கரூருக்குச் செல்லும் சாலையில் நாம் பயணம் செய்யும்போதெல்லாம், கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளையும் அவற்றில் மேயும் காங்கயம் மாடுகளையும் கண்டு மகிழ்கிறோம். அக்காடுகளின் ஓரத்தில், மர நிழலில், மண்குதிரைகள் நிற்கும் சிறு கோயில்கள் ஆங்காங்கே தென்படும். அவை அண்ணமார் கோயில்கள்.

குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரை நாச்சியாருக்கும் பிறந்த பொன்னர், சங்கர் என்னும் அண்ணன் தம்பியரையும், அவர்தம் தங்கை அருக்காணித் தங்காளையும், உற்ற துணைவன் சாம்புவனையும் கொங்கு மக்கள் நன்கறிவர். வளநாட்டு உழவர்க்கும் வேட்டுவர்க்கும் மூண்ட பகையும், கொம்பன் என்னும் காட்டுப்பன்றியின் வேட்டையும், இறுதிப் போரில் உடன்பிறந்தார் இருவரும் மாண்டதுமே அக்கதை. உடுக்கை முழக்கிப் பாடுவோர் இரவு பல தொடர்ந்து பாடுவர். 1965 இல் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார் இதனை ஒலிநாடாவில் பதிவு செய்தபோது, பதினெட்டு இரவுகள் தேவைப்பட்டன என்பர்.

மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில், பெரியகாண்டியம்மன் கோயிலின் மாசித் திருவிழாவில் இக்கதை கண்முன் நிகழ்கிறது. கொங்குச் சிற்றூர்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் உண்டு. பாட்டு போர்க்கட்டத்தை எட்டியதும் ஆடவர் பலர் தம்மை மறந்து தரையில் சாய்கின்றனர். அவர்களை மாண்டவர்போல் வரிசையாகக் கிடத்தி வெண்துணி போர்த்துகின்றனர். பெண்கள் ஒப்பாரி வைக்கின்றனர். பின்னர், தங்காளின் நிலையில் நிற்பவர் வந்து நீர் தெளிக்க, வீழ்ந்தோர் ஒவ்வொருவராக எழுகின்றனர். இதற்குப் படுகளம் என்று பெயர்.

மேல்நாட்டாரும் பழைய போர்களை நடித்துப் பார்க்கின்றனர். ஆனால் அவர்களுக்கு அது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. 1966 இல் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரில் நண்பர் சிலர் வீட்டுத் தோட்டமொன்றில் இடைக்கால வீரர்போல் உடுத்து விளையாடினர். அதிலிருந்து பெருங்கழகம் ஒன்று வளர்ந்தது. அவர்கள் பிரம்பு வாள் கொண்டு பொருதுவர். போலந்தின் கிருன்வால்டு களத்தில் 1410 இல் நிகழ்ந்த போரை 1998 முதல் ஜூலைத் திங்களில் நடித்து வருகின்றனர். அப்போரில் தோற்ற தெய்த்தோனிய வீரத்துறவியரும் கிறிஸ்தவரே, வென்ற போலந்து அரசரும் கிறிஸ்தவரே. தோற்றவரின் வெண்மேலங்கியையும் எவரேனும் விரும்பி அணிந்தால்தான் அந்த விளையாட்டு நடைபெறும். மாலையில் இருதரப்பாரும் ஒரே திடலில் உண்டு உறங்குகின்றனர்.

கொங்கில் இது இன்னும் அருமையான செயலாகும். வேட்டுவர் மரபினரும் இம்மண்ணின் மக்களே. உழவரும் அவரும் ஒரே சந்தையில் மாடு பிடிக்கின்றனர். பிள்ளைகளை ஒரே பள்ளிக்கு அனுப்புகின்றனர். எனவே பழம்போரை நினைவுகூர்வது பழம்பகையைக் கிளறுவதாகிவிடக் கூடும். ஒரு சாராரின் பெருமைக்காகவே கதையைச் சொன்னால், மறுசாராரின் பிள்ளை தலை குனிகிறான். சாம்புவனை மறந்து சொன்னாலோ, உயிர் கொடுத்து உழைத்தவனின் பிள்ளை தலை குனிகிறான்.

படுகளத்தில் இரவெல்லாம் அமர்ந்திருப்பவர் வாளோசையோடு வீடு திரும்புவதில்லை. தங்காளின் அழுகையையும் கேட்டே திரும்புகிறார். கதையின் பெரும்பாரம் அந்த அழுகையில் இருக்கிறது. இன்றோ கதை திரைப்படமாகவும் வந்துவிட்டது (2011). போர்க்காட்சியை மட்டும் துண்டாக வெட்டிக் கைப்பேசியில் காணும் இளைஞனுக்கு அந்த அழுகை எட்டுவதில்லை. எட்டாதபோது, எஞ்சுவது சினம் ஒன்றே.

நம் பங்குகளிலும் தவக்காலத்தில் பாடுகளின் காட்சியை நடிக்கிறோம். சாட்டை ஏந்தும் படைவீரனாக நம்மில் ஒருவரே நிற்கிறார். மறுநாள் அவரை எவரும் பகைப்பதில்லை. அவர் கையிலிருந்த சாட்டை நம் கையிலும் இருந்திருக்கலாம் என்று உணர்கிறோம்.

அன்பார்ந்த பெற்றோரே, பிறசமயத்தாரின் வழிபாட்டை நாம் மேற்கொள்வதில்லை. ஆயினும் அயலார் எதற்காக அழுகிறார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது. அண்ணமார் யாரென்று உங்கள் பிள்ளை கேட்டால், போரோடு நிறுத்திவிடாமல், களத்தில் தங்கை வந்து அழுத கட்டம்வரை சொல்லிக் கொடுங்கள்.