கழற்றிய பேரிங்கைப் படிப்பது

கொல்லிமலையில் ஓடும் ஜிப்சிக்கு முன்சக்கரப் பேரிங் போகும் விதமே வேறு. காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் செம்மேடு போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டீரிங்கைக் கடைசிவரை ஒடிக்க வேண்டும். எடை முழுக்க வெளிப்பக்கச் சக்கரத்தில் சாயும். இறங்கும்போது பிரேக் சூடு டிஸ்க்கிலிருந்து ஹப்புக்குப் பரவி, கிரீஸ் இளகி சீல் வழியாக வெளியே வந்துவிடும். மழைக்காலத்தில் அதே சீல் வழியாகச் சேற்றுத்தண்ணீர் உள்ளே போகும். நான் தொழில் பழகிய பட்டறை மலையடிவாரத்தில், சேந்தமங்கலம் பக்கம். மிளகு, வாழை, அன்னாசி என்று மலையிலிருந்து சரக்கு இறக்கும் ஜிப்சிகள்தான் எங்களுக்கு வாடிக்கை.

மாருதி 1985இல் கொண்டுவந்த வண்டி அது. ஆரம்பத்தில் 970 சிசி இன்ஜின். முன்னால் குறுக்குவாக்கில் ஒரே ஆக்சில், இரண்டு முனையிலும் உருண்டையான நக்கிள். பக்கத்துக்கு நான்கு பேரிங். சக்கர ஹப்புக்குள் பெரியதாக ஒரு ஜோடி, நக்கிளின் மேலும் கீழும் கிங்பின்னுக்குச் சிறியதாக ஒரு ஜோடி. நான்குமே டேப்பர் ரோலர். ஹென்றி டிம்கன் என்ற அமெரிக்க வண்டித் தயாரிப்பாளர், குதிரை வண்டி அச்சுகளை மனதில் வைத்து 1898இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. ரோலர் சாய்வாக இருப்பதால் மேலிருந்து வரும் பளுவையும் வளைவில் பக்கவாட்டில் வரும் தள்ளலையும் ஒன்றாகவே தாங்கும். நாமக்கல்லில் பாடி கட்டி ஓடும் பெரிய லாரிகளின் ஹப்பிலும் இதே ஏற்பாடுதான். லாரியில் பழகிவிட்டு ஜிப்சிக்கு வந்தபோது, விரலுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று புரிந்தது.

முதலில் எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று பிடிக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். அது ஹப்பில் இருக்கிறதா, கிங்பின்னில் இருக்கிறதா? "கண்ணு, உள்ள ஏறி பிரேக்கை மிதி" என்பார் மேஸ்திரி. பிரேக் பிடித்தால் ஹப்பும் நக்கிளும் ஒன்றாகக் கட்டுண்டுவிடும். ஆட்டம் நின்றுபோனால் சக்கரப் பேரிங். நிற்காமல் அப்படியே இருந்தால் கிங்பின். பெரும்பாலும் பாதி குறையும், பாதி மிஞ்சும்; அப்போது இரண்டையும் கழற்ற வேண்டியதுதான். இதைப் பார்க்காமல் ஹப் பேரிங்கை மட்டும் மாற்றி அனுப்பினால், ஸ்டீரிங் உதறல் அடுத்த வாரமே திரும்பி வரும்.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. கழற்றிய பேரிங்கைப் படிக்காமல் புதுப் பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது. டீசலில் கழுவி, காற்றடிக்காமல் துணியில் உலர்த்தி, வலது இடது மாறாமல் வரிசையாக வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். ரோலர் நீலம் பாய்ந்திருந்தால் சூடு. நட்டை அதிகமாக இறுக்கியிருப்பார்கள் அல்லது கிரீஸ் இருந்திருக்காது. கப்பில், அதாவது வெளி வளையத்தில், ரோலர் இடைவெளிக்கு இடைவெளி துருக்கோடு இருந்தால், தண்ணீர் புகுந்து வண்டி ஓடாமல் நின்றிருக்கிறது. உட்புறம் செதில் செதிலாக உதிர்ந்திருந்தால் அது உழைத்துத் தேய்ந்தது. அதன் ஆயுள் அவ்வளவுதான். கிரீஸ் தண்ணீர் மாதிரி வழிந்தால் ஆக்சிலின் உள் சீல் கிழிந்து, டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கழுவிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தச் சீலை மாற்றாமல் எவ்வளவு விலை உயர்ந்த பேரிங் போட்டாலும் பணம் வீண்.

கிங்பின் பேரிங்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். அது முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை. ஸ்டீரிங் ஒடியும் அளவுக்கு மட்டும் அசையும். நேராக ஓடும்போது ரோலர்கள் ஒரே இடத்தில் நின்று அடி வாங்கும். அந்த அடியில் கப்பில் வரிசையாகப் பள்ளம் விழுந்துவிடும். நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் நகம் தட்டும். ஸ்டீரிங் நடுவில் வந்ததும் 'கடக்'கென்று சிக்குகிறது என்று டிரைவர்கள் சொல்வது இந்தப் பள்ளத்தைத்தான். புதிய கிங்பின் பேரிங் போட்டதும் அடியில் ஷிம் கூட்டிக் குறைத்து, சீல் மாட்டும் முன்பே நக்கிள் கையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்துப் பார்ப்போம். ஒரு கிலோவுக்கு மேல், இரண்டுக்குள் அசையத் தொடங்கினால்தான் மேஸ்திரி தலையாட்டுவார்.

புதுக் கப்பைப் பித்தளைப் பஞ்ச் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்க வேண்டும். கோணலாகப் போனால் ஹப் சுவரைச் சீவிவிடும். இறங்கிக்கொண்டிருக்கும்வரை ஓசை ஒரு மாதிரி. அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசையே கெட்டியாகிவிடும். கிரீஸைப் பூசினால் போதாது, அடைக்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு உருண்டை லித்தியம் கிரீஸ் வைத்து, ரோலர்களோடு இருக்கும் உள் வளையமான கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். மறுபக்கம் ரோலர்களுக்கு இடையிலிருந்து புழுப்புழுவாகக் கிரீஸ் வெளிவரும்வரை. சுற்றிலும் அப்படி வந்த பிறகே அடுத்ததைத் தொடலாம்.

ஹப் நட்டை உளி வைத்து அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அடிபட்ட நட்டில் இறுக்கம் எவ்வளவு என்று கைக்குத் தெரியவே தெரியாது. எங்களிடம் பைப்பை வெட்டி லேத்தில் செய்த சாக்கெட் இருந்தது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, ரோலர்கள் தம் இடத்தில் உட்கார்ந்ததும் தளர்த்தி, மறுபடி மெல்ல இறுக்கி, ஆட்டம் இல்லாமல், இலேசான பிடிப்போடு சுற்றும் நிலையில் நிறுத்த வேண்டும். பிறகு லாக் வாஷர், வெளி நட். இங்கேதான் கவனம் வேண்டும். வெளி நட்டை முறுக்கும்போது மரையில் இருக்கும் இடைவெளி அளவுக்கு உள் நட்டும் உள்ளே தள்ளப்படும். சரியாக வைத்த பிடிப்பு கூடிவிடும். அதனால் முறுக்கிய பிறகு இன்னொரு முறை சுற்றிப் பார்த்த பின்பே வாஷரின் காதை மடக்குவோம்.

அதன்பின் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு ஹப்பையும் கையால் தொட்டுப் பார்ப்போம். ஒரு பக்கம் மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பக்க நட்டை மறுபடி திறக்க வேண்டும். மலைக்காரர் சரக்கு இல்லாமல் கீழே வரமாட்டார். இரண்டு வாரத்தில் நட்டைப் பார்க்கக் கூப்பிட்டாலும் வருவது சந்தேகம். அதனால் வண்டியைக் கொடுக்கும் முன் ஜாக்கியை மறுபடி வைத்து, "ஏனுங்கண்ணா, இப்படிப் புடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் தெரிஞ்சா அன்னிக்கே எறக்கிட்டு வந்துருங்க" என்று அவர் கையாலேயே செய்ய வைத்து, பிரேக் மிதிக்க அவர் மகனையும் உட்கார வைத்துக் காட்டி அனுப்புவோம்.