பத்து சதவீதம்

2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. புதுக்கடையில் எங்கள் மைனி ஆசிரியை. அவர் சம்பளப் பட்டியலில் மாதாமாதம் சிபிஎஸ், அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், என்று பத்து சதவீதம் பிடித்திருக்கும். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டிலும் சேர்த்துத்தான்.

பழைய ஓய்வூதியம் கேட்டு, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் 2019 ஜனவரியில் ஒன்பது நாள் நடந்தது. மறியலில் கைதாகி மண்டபத்தில் இருந்தவர்களில் மைனியும் ஒருவர். அந்த நாட்களின் சம்பளம் போனது பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

2021 தேர்தல் அறிக்கையில் பழைய ஓய்வூதியத்தைத் திரும்பக் கொண்டுவருவோம் என்றது திமுக. ஊழியர்கள் நம்பி ஓட்டுப் போட்டார்கள். ஆட்சிக்கு வந்தவர்கள் 2025 பிப்ரவரியில்தான் ஆராய்வதற்கே குழு போட்டார்கள். 2026 ஜனவரியில் புதிதாக ஒரு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் அறிவித்தார்கள். கடைசிச் சம்பளத்தில் பாதி உண்டு, அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பத்து சதவீதப் பிடித்தம் தொடரும். வாக்குக் கொடுத்தது இதற்கு இல்லையே!

எனக்கு அதிகம் வலிப்பது ஜாக்டோ-ஜியோ சங்கங்களின் பக்கம். மேடைதோறும் பழைய ஓய்வூதியமே வேண்டும் என்று தொண்டை கிழியப் பேசிவிட்டு, அரசின் அறிவிப்பு வந்ததும், தொடங்கவிருந்த காலவரையற்ற வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கினார்கள். அது சரியான முடிவாகக்கூட இருக்கலாம். அப்படியானால் எங்கள் கிள்ளியூர் வட்டத்து உறுப்பினர்களைக் கூட்டி, எது கிடைத்தது, எதை விட்டுக்கொடுத்தோம் என்று வரிவரியாகச் சொல்லட்டும். சந்தா கட்டியவர்கள், சிறைக்கும் தயாராக வந்தவர்கள் கேட்கிறார்கள்.